தாலித் தட்டில் ஒரு போன்

அனுசியாவின் கல்யாண வீடியோ கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போடும் முன்பே "ஃபோர் கே" என்று சொல்லிவிடுவார்கள். ஃபோர் கே என்றால் என்ன என்று கேட்டால் தெரியாது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் அப்படித்தான் எடுத்தார்களாம், ஆகவே இவர்களுக்கும் அது வேண்டும். அடுத்த கேள்வி, நொடிக்கு அறுபது ஃபிரேம், அதாவது அறுபது படம், வருமா என்பது. அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் கேட்கச் சொல்லியிருப்பான். நம் ஊர்க் கரண்டுக்கு அறுபது வைத்து எடுத்தால் மண்டபத்து விளக்கெல்லாம் படத்தில் படபடவென்று துடிக்கும், இங்கே இருபத்தைந்து அல்லது ஐம்பதுதான் சரி என்று அவள் சொல்லுவாள். வந்தவர் முகம் உடனே சுருங்கிவிடும். இந்த அம்மாவிடம் பழைய கேமராதான் இருக்கிறது போலிருக்கிறது என்று அவர் நினைப்பது அவளுக்கு அப்படியே தெரியும். அந்த நேரத்தில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனையும் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் கடைசியில் என்ன செய்வார்கள்? "அதை அப்படியே வாட்ஸப்புல ஒன்னு அனுப்பிருங்கக்கா" என்பார்கள். பாடுபட்டு எடுத்த படம் அங்கே போய்ப் பாதியாய்ச் சுருங்கி, அதை ஒருவர் இன்னொருவருக்குத் தள்ளிவிட்டு, அவர் ஸ்டேட்டஸில் வைத்து, கடைசியில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மூக்கு இருந்த இடமே தெரியாது. அதிலும் அருவிப் படம் இருக்கிறதே, அது தனிக் கொடுமை. ஐந்தருவிக்கு முன்னால் ஜோடியை நிறுத்தி எடுக்காவிட்டால் தென்காசிக் கல்யாணம் கல்யாணமே இல்லை. அருவியிலோ ஒரு ஃபிரேமில் இருந்த துளி அடுத்த ஃபிரேமில் அந்த இடத்தில் இருக்காது. மொத்தத் தண்ணீரும் நொடிக்கு ஐம்பது முறை புதிதாய் மாறும் படத்தைச் சுருக்கினால் என்ன ஆகும்? கட்டி கட்டியாகக் கிண்டிய உப்புமா மாதிரி ஆகும். "என்னக்கா, அருவி ஒடஞ்சு ஒடஞ்சு தெரியுது" என்று அதையும் அவளிடமே வந்து கேட்பார்கள்.

அனுசியாவுக்குப் பிறந்த ஊர் ஆலங்குளம். இசக்கிமணியைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தபோது அவனிடம் இருந்தது டேப் போட்டு எடுக்கும் ஒரு கேமராவும், யாரிடமும் மறுத்துப் பேசத் தெரியாத ஒரு வாயும்தான். அவன் எடுத்த படங்களை வேறொருவன் கண்டபடி வெட்டி ஒட்டிக் கெடுப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய் வந்து எடிட்டிங் படித்தாள். அதற்குப் பிறகு எடுப்பது அவன், வெட்டுவது இவள், பேசுவதும் இவள் என்று ஆகிப்போனது. படத்தை ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சிரிக்கும் பெண் எந்த ஃபிரேமில் கண்ணை மூடுகிறாள், அழப்போகிற தாயின் உதடு எந்த ஃபிரேமில் கோணுகிறது என்று அவளுக்குக் காட்டித்தர வேண்டியதில்லை. கெட்ட படம் தன் கடையிலிருந்து வெளியே போகக் கூடாது என்பதில் மட்டும் அவள் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை. எடிட்டிங் முடியுமுன் ஒரு சின்ன காப்பி கொடுங்கள் என்று கேட்ட எம்.எல்.ஏ. வீட்டுக்கே முடியாது என்று சொன்னவள் அவள்.

அப்படிப்பட்டவளிடம்தான் ஆனந்தவள்ளி வந்தாள்.

ஆனந்தவள்ளியின் மகள் கோமதிக்கு ஆனி மாதம் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அவள் ஃபோர் கே கேட்கவில்லை, ஸ்லோ மோஷன் கேட்கவில்லை, அருவியைக்கூடக் கேட்கவில்லை. அவள் புருஷன் மாரிராஜ் ராணுவத்தில் சுபேதார். வடக்கே எல்லையில் ஏதோ ஒரு மலைமேல் இருந்தார். மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த லீவைக் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். பத்திரிகை அடித்தாயிற்று, தேதியைத் தள்ளிப் போட முடியாது. ஆனந்தவள்ளி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"தாலி கட்டுதத அவுக பாக்கணும் மதினி. எனக்கு அது ஒன்னு போதும்."

அனுசியாவுக்கு மனசு இளகிவிட்டது. நெட்டில் லைவ் போட்டுவிடலாம், அண்ணாச்சி மணமேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி பார்ப்பார், அதற்கு நான் ஆச்சு என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்கவில்லை. வழக்கமாக லைவுக்கு இருபத்தைந்து ஃபிரேம்தான் அனுப்புவாள். இதற்கு ஐம்பது என்று முடிவு செய்தாள். பனியில் நிற்கிற மனுஷனுக்கு மகளின் முகம் வழவழவென்று, கண்ணிமை அடிப்பதுகூடத் தெரிகிற மாதிரி போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கல்யாணத்தன்று காலையிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் ஆனியில் சாரல் இல்லாவிட்டால்தான் அதிசயம். மலையை மேகம் மூடியது, மண்டபத்தில் போன் சிக்னல் ஒரு கோடும் இரண்டு கோடுமாக ஊசலாடியது. வயரை இழுத்துக்கொண்டிருந்த இசக்கிமணி மெதுவாகச் சொன்னான், இந்த நெட்டுக்கு ஐம்பது தாங்காது, படத்தின் அளவைக் குறைத்து, ஃபிரேமையும் குறைத்து அனுப்பலாமே என்று. அனுசியா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பெற்ற மகள் கல்யாணத்தைப் பார்க்கிறவருக்கு மங்கல் படமா, உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டாள். அவன் வயரைப் பார்த்துக் குனிந்துகொண்டான். இந்த மனுஷன் ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசித் தொலைக்கக் கூடாதா என்று அவள் பிறகு நினைத்தாள். அப்போது நினைக்கவில்லை.

மணமேடைக்கு முன்னால் மேசை போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். மேடையில் இசக்கிமணி ஒரு கேமரா. எதிரே ஸ்டாண்டில் இன்னொரு கேமரா. இரண்டு படமும் அவள் முன்னால் உள்ள திரைக்கு வரும், எது வேண்டுமோ அதை அவள் லைவுக்குத் தள்ளிவிடுவாள். பக்கத்தில் ஒரு லேப்டாப், அது லைவுக்கு அனுப்புகிறது. அதன் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தால் எல்லாம் சரி. லிங்க்கைத் திறந்துவிட்டேன், படம் வருகிறது என்று மாரிராஜிடமிருந்து தகவலும் வந்தது. அவள் நிம்மதியானாள்.

அந்த நிம்மதி சொந்தக்காரர்களுக்குப் பொறுக்குமா? முதலில் ஒரு அம்மா வந்து, "இத கொஞ்சம் பாத்துக்கோ தாயி" என்று துணிப் பையை மேசையில் வைத்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி வைத்தாள். மூன்றாவதாக ஒருத்தர் குழந்தையின் பால் பாட்டிலை வைத்தார். எடுங்கள் எடுங்கள் என்று அனுசியா கத்தியது மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அதற்குள் மேடையில் பெரிய தொல்லை ஆரம்பித்துவிட்டது. கோமதியைச் சுற்றி நின்ற கூட்டம் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்தது. இவள் திரையில் பெண் இல்லை, மாப்பிள்ளை இல்லை, கைகளும் போன்களும்தான் இருந்தன. காசு கொடுத்து வீடியோக்காரியைக் கூப்பிட்டுவிட்டு எதற்குத்தான் இப்படி மறைக்கிறார்களோ, அவளுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை.

எல்லாரிலும் மோசம் ஆவுடைத்தாய். மாரிராஜின் கூடப் பிறந்த அக்கா. தம்பிக்குக் காட்டுகிறேன் என்று வீடியோ கால் போட்டு, போனைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துக்கொண்டு, சரியாக ஸ்டாண்டில் இருந்த கேமராவுக்கு நேரே நின்றாள். கட்டை விரல் போன் லென்ஸில் பாதியை மூடியிருந்தது. மீதிப் பாதியில் மண்டபத்துக் கூரை தெரிந்திருக்கும். லைவில் அவர் கண்ணாடி மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது இது எதற்கு? ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு அனுசியா மேடையேறினாள்.

"பெரியம்மா, அந்தப் போனை எங்கனயாவது வைங்க. ஒங்க தம்பிக்குக் காட்டத்தான் நான் இருக்கேன்லா."

சொன்ன வேகத்தில் கையை ஒரு வீசு வீசினாள். ஆவுடைத்தாய் அந்தக் கை போன திசையைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். நகர்ந்துவிட்டாள். அப்பாடா என்று அனுசியா இறங்கி வந்து மறுபடி ஹெட்போனை மாட்டினாள்.

அடுத்தது தாலி ஆசீர்வாதம். வெள்ளித் தட்டில் தேங்காய் வைத்து, அதன்மேல் தாலியைச் சுற்றி, பூவும் அட்சதையும் குவித்து, சபை முழுக்கக் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் தாலியைத் தொட்டுக் கும்பிட்டு அனுப்ப வேண்டும். அந்த வீட்டு வழக்கப்படி தட்டை எடுத்துப் போனது ஆவுடைத்தாய்தான். இசக்கிமணி கேமராவோடு பின்னால் போனான். சாதாரணமாக இது ஒரு நிமிஷ வேலை, தொடுவார்கள், நகர்வார்கள். அன்றைக்கு ஒவ்வொருத்தரும் தட்டுக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்தார்கள். குனிந்து சிரித்தார்கள். என்னமோ பேசினார்கள். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர் தட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார். திரையில் பார்த்தால் உச்சந்தலையும் வழுக்கையும் கொண்டையும்தான். முகத்தைக் காட்டச் சொல்லுங்க, நிமிரச் சொல்லுங்க என்று அனுசியா ஹெட்போன் மைக்கில் இசக்கிமணியைப் பிடித்துக் காய்ச்சினாள். அவன் என்ன செய்வான், கும்பிடுகிறவர்களை நிமிரச் சொல்ல முடியுமா? இந்தப் பகுதியை மொத்தமாக வெட்டித் தூக்கிவிட வேண்டியதுதான் என்று அவள் அப்போதே முடிவு கட்டினாள்.

தட்டு மேடைக்குத் திரும்பியதும் ஆனந்தவள்ளி குறுக்கே வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தட்டில் என்னத்தையோ சரி செய்தாள். அவள் விலகவும் கெட்டி மேளம் முழங்கவும் சரியாக இருந்தது. குலவைச் சத்தம் மண்டபத்தை நிறைத்தது. மாப்பிள்ளை தாலி கட்டினான். அந்த நேரத்திலாவது கோமதி நேரே பார்த்தாளா? கேமராவைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. வழக்கமான பெண்கள் மாதிரி தலையையும் குனியவில்லை. பக்கவாட்டில், ஆவுடைத்தாய் பிடித்திருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று அனுசியா தலையில் அடித்துக்கொண்டாள்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது மேசையை ஒழித்தாள். பால் பாட்டிலை எடுத்தாள், துணிப் பைகளை எடுத்தாள். கடைசிப் பைக்குக் கீழே லேப்டாப்பின் மூலை தெரிந்தது. புள்ளி சிவப்பாக இருந்தது.

எப்போதிலிருந்து சிவப்பு என்று பார்த்தாள். மாப்பிள்ளை மேடையேறும்போது நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு ஃபிரேம்கூட வெளியே போகவில்லை. அவள் முன்னால் இருந்த திரையில் எல்லாம் பளிங்கு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அங்கே போய்ச் சேர்கிற படம் எப்படி இருக்கிறது என்று தன் போனை எடுத்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். சின்னத் திரையில் என்னத்தைப் பார்ப்பது என்று அலட்சியம். பையை வைத்தவளைத் திட்ட வாய் வந்தது, நெட்டைத் திட்ட வாய் வந்தது. இசக்கிமணி எதிரே வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பாள்.

ஆனந்தவள்ளி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். அவுக உங்களிடம் பேச வேண்டுமாம் என்றாள். அனுசியா வாங்கிக் காதில் வைத்தாள். காற்று இரைச்சலுக்கு நடுவே மாரிராஜின் குரல் கேட்டது.

"ரொம்ப சந்தோசம் தங்கச்சி. நீங்க அனுப்புன படம் கொஞ்ச நேரத்துல நின்னு, சுத்திக்கிட்டே கெடந்துச்சு. சரி, நமக்குக் கொடுத்து வைக்கலன்னு நெனச்சேன். பொறவு அக்கா போன்ல வந்துச்சு பாருங்க."

அவர் குத்திக் காட்டுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் நிறுத்தவில்லை.

"போனைத் தாலித் தட்டுல வைக்கணும்னு ஒங்களுக்கு எப்படித் தோணுச்சு? அக்கா சொன்னா, நீங்கதான் அங்கன வைக்கச் சொன்னீகளாம்."

அவளுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. எங்கனயாவது வைங்க என்று வீசிய கை போன திசையில்தான் தாலித் தட்டு இருந்திருக்கிறது.

படம் கட்டம் கட்டமாகத்தான் வந்ததாம், நின்று நின்று வந்ததாம். வீடியோ கால் அப்படித்தான், வழி குறுகலாக இருந்தால் படத்தையும் குறைத்து ஃபிரேமையும் குறைத்து எப்படியாவது நுழைந்து போய்விடும். ஆனால் ஒவ்வொருத்தராகக் குனிந்தார்கள், குனிந்து என் முகத்துக்கு நேரே பேசினார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். சின்ன வயதில் பேச்சை நிறுத்திய பங்காளி ஒருவர், புளியங்குடிக்காரர், கும்பிட்டாராம்.

"நான் அங்கன இருந்தாக்கூட இத்தனை பேரு எங்கிட்ட நின்னு பேசிருக்க மாட்டாக. பந்திக்கும் வாசலுக்கும் ஓடிக்கிட்டுல்லா கெடந்திருப்பேன்."

சும்மா சரி என்று சொல்லிப் பெயரை வாங்கிக்கொண்டிருக்கலாம். அனுசியாவால் முடியவில்லை.

"அண்ணாச்சி, அது நான் செஞ்சதில்ல. படத்தை மறைக்காகன்னு வஞ்சு வெரட்டுனேன். அவ்வளவுதான். எம் படம் ஒங்களுக்கு வந்து சேரல."

மாரிராஜ் சிரித்தார். "நல்லவேளை வஞ்சீக. இல்லேன்னா அது அக்கா கையிலேயே இருந்திருக்கும். எனக்கு மண்டபத்துக் கூரைதான் தெரிஞ்சிருக்கும்" என்றார். லைன் அறுந்துவிட்டது.

பிறகு ஒரு பகலில் கடையில் உட்கார்ந்து அந்தக் கல்யாணத்தை எடிட் செய்ய எடுத்தாள். வெட்டித் தூக்க நினைத்திருந்த பகுதி வந்தது. ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளினாள். குனிந்த தலைகள் எல்லாம் இப்போது அவளுக்குப் புரிந்தன. ஆனந்தவள்ளி குறுக்கே நின்று மறைத்த இடம் வந்ததும், எதிரே ஸ்டாண்டில் இருந்த கேமராவின் படத்தை ஒதுக்கிவிட்டு, மேடையில் பக்கவாட்டில் நின்ற இசக்கிமணி எடுத்ததைத் தேடிப் பிடித்தாள். அது தெளிவாக இருந்தது. ஆனந்தவள்ளி தட்டில் கிடந்த போனை எடுக்கிறாள். பட்டுப்புடவைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைக்கிறாள். தேங்காய்மேல் சாய்த்து நிறுத்துகிறாள், வழுக்குகிறது. ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்து அடியில் முட்டுக் கொடுக்கிறாள். தட்டைக் கொஞ்சம் திருப்பி, போன் மகளைப் பார்க்கிற மாதிரி வைக்கிறாள். கோமதியின் கண் அங்கே போகிறது. அப்பாவைப் பார்த்ததும் உதடு கோணுகிறது. அதற்குள் மேளம்.

ஸ்லோ மோஷன் கேட்டு வருகிறவர்களை அனுசியா கடித்துக் குதறுவாள். இதை அவளே மெதுவாக ஓடவிட்டாள். ஐம்பதில் எடுத்திருந்ததால் பாதி வேகத்தில் துளியும் தடுக்காமல் ஓடியது. அந்த ஐம்பது கடைசியில் இதற்காவது உதவியதே என்று நினைத்துக்கொண்டாள். கோமதி பக்கவாட்டில் பார்க்கும் ஷாட்டை மாற்றவில்லை. குனிந்தவர்களில் ஒருத்தரைக்கூட வெட்டவில்லை.

நல்ல காப்பியைப் பென் டிரைவில் போட்டு ஆனந்தவள்ளிக்கு எடுத்து வைத்தாள். மாரிராஜ் லீவில் வந்து பார்க்கட்டும். ஆனால் அந்தத் தட்டுப் பகுதி மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் படம் அந்த மலைமேல் இருக்கும் போனுக்குப் போய்ச் சேர வேண்டுமே. பெருமூச்சு விட்டுக்கொண்டு அளவைக் குறைத்தாள், போதவில்லை. ஃபிரேமைக் குறைத்தாள், இன்னும் குறைத்தாள். எம்.எல்.ஏ. வீட்டுக்கு முடியாது என்றவள் தன் கையால் தன் படத்தைக் கெடுத்தாள். மஞ்சள் கிழங்கு ஒரு மஞ்சள் புள்ளி ஆகியது, கோமதியின் மூக்கு காணாமல் போயிற்று. வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, ஒரு வேலையும் ஓடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பதில் வந்தது.

"பாத்தேன் தங்கச்சி. புள்ள அழப்போனதுகூடத் தெரியுது. படம் நல்ல தெளிவு."

தெளிவாம் தெளிவு, இந்தப் படத்தில் எந்த உதடு தெரிகிறது இவருக்கு என்று அனுசியா முனகினாள். முனகிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே படத்தைத் தன் சின்னப் போனில் திறந்து பார்த்தாள்.